தீப்பொறி நேர முன்தள்ளல்

தீப்பொறி நேர முன்தள்ளல் என்பது பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் கணத்தை, பிஸ்டன் உச்ச நிலையை அடைவதற்கு மேலும் முன்னதாக அமைப்பதாகும். இது கிராங்க் தண்டு சுழலும் பாகைகளில் அளக்கப்படுகிறது. எஞ்சினின் திறனைக் கூட்டும் நோக்கில், தயாரிப்பாளர் அமைத்த அளவை வாகன உரிமையாளர்கள் பின்னர் மாற்றுவதுண்டு.

அடிப்படை

சிலிண்டரில் உள்ள எரிபொருட் கலவை ஒரே கணத்தில் எரிந்து முடிவதில்லை. சுடர் பரவச் சிறிது நேரம் தேவை. நிமிடத்திற்கு 1000 சுற்றுகளில் கிராங்க் தண்டு ஒரு மில்லிநொடியில் 6 பாகை சுழல்கிறது. 6000 சுற்றுகளில் 36 பாகை சுழல்கிறது. எனவே வேகம் கூடும்போது பொதுவாகத் தீப்பொறியும் முந்த வேண்டும். பிஸ்டன் உச்ச நிலையைக் கடந்து ஏறத்தாழ 15 பாகை சென்றபின் அழுத்தம் உச்சமடைந்தால் முறுக்குவிசை மிகுதியாகக் கிடைக்கும்.

பழைய எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சுழல் எடைகளும் வெற்றிட அமைப்பும் இதனைச் செய்தன. தற்கால வாகனங்களில் மின்னணுக் கட்டுப்பாட்டகம் செய்கிறது. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புதல், இரு சக்கர வாகனங்களில் வேறு சிடிஐ பெட்டியைப் பொருத்துதல், கட்டுப்பாட்டகத்தின் நிரலை மாற்றி எழுதுதல் ஆகியன வழக்கிலுள்ள முறைகள்.

நன்மைகள்

தரம் குறைந்த பெட்ரோல், கடும் வெப்பம், மிகுந்த சுமை ஆகியவற்றைக் கருதித் தயாரிப்பாளர்கள் சற்றுப் பாதுகாப்பான அளவையே அமைப்பதுண்டு. உயர் ஆக்டேன் பெட்ரோல் பயன்படுத்தப்படும்போது இந்த இடைவெளியைப் பயன்படுத்தி முறுக்குவிசையையும் எரிபொருள் சிக்கனத்தையும் ஓரளவு கூட்டலாம். உயர் ஆக்டேன் பெட்ரோலில் கூடுதல் ஆற்றல் இருப்பதாகக் கருதுவது தவறு; அது தானே தீப்பற்றாமல் தாங்கும் தன்மையையே ஆக்டேன் எண் காட்டுகிறது.

தீமைகள்

உகந்த அளவை நெருங்கும்போது, கூடுதலாகத் தள்ளும் ஒவ்வொரு பாகைக்கும் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே வரும். ஆனால் ஆபத்து விரைவாகக் கூடும். அளவைக் கடந்தால் மேலேறும் பிஸ்டனையே அழுத்தம் எதிர்ப்பதால் திறன் குறையும்.

 * இடிப்பு: சுடர் சென்றடையும் முன்னரே எஞ்சிய கலவை தானாகத் தீப்பற்றி அழுத்த அலைகளை உண்டாக்கும். இது நீடித்தால் பிஸ்டன், பிஸ்டன் வளையங்கள், சிலிண்டர் தலை கேஸ்கெட் ஆகியன சேதமடையும்.
 * முன் எரிதல்: இடிப்பால் மிகையாகச் சூடேறிய பாகம், தீப்பொறிக்கு முன்னரே கலவையைப் பற்றவைக்கும். இதனால் பிஸ்டனில் துளை விழவும் கூடும்.
 * பின்னுதைப்பு: எஞ்சினைக் கிளப்பும்போது தண்டு எதிர்த்திசையில் உதைத்து, ஸ்டார்ட்டரையோ மிதிப்பவரின் காலையோ காயப்படுத்தலாம்.
 * மாசு: எரிவெப்பம் உயர்வதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும்.

தீப்பொறியை அளவுக்கு மீறிப் பிந்தச் செய்வதும் தீர்வன்று. அதனால் புகைபோக்கி வால்வுகள் மிகையாகச் சூடேறும்.

கண்டறிதல்

1978ஆம் ஆண்டு பியூக் டர்போ எஞ்சினில், இடிப்பை உணர்ந்து தீப்பொறியைப் பின்தள்ளும் உணரி இருந்தது. இன்று பெரும்பாலான கார்களில் இத்தகைய உணரி உண்டு. அது இல்லாத எஞ்சின்களில் ஓட்டுநரின் செவியே துணை. ஆயினும் அதிவேகத்தில் பிற ஓசைகள் இடிப்பை மறைத்துவிடும். ஆகவே டைமிங் விளக்கால் அளந்து, டைனமோமீட்டரில் ஓரிரு பாகைகளாக மாற்றி, திறன் கூடுவது நின்றதும் முன்தள்ளலை நிறுத்துவதே பாதுகாப்பான முறையாகும். அதற்கு முன்னரே இடிப்பு தோன்றினால், அந்த எரிபொருளுக்கு அதுவே எல்லை. அங்கிருந்து சில பாகைகள் பின்தள்ளி அமைக்க வேண்டும்.