உய்குர் விவகாரம்: எந்த நாடு எங்கே நிற்கிறது, ஏன்?

2022 அக்டோபர் 6 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை ஒரு எளிய கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் மனித உரிமை நிலை எப்படி இருக்கிறது என்று ஒரு விவாதம் நடத்தலாமா, வேண்டாமா? கண்டனமோ விசாரணையோ அல்ல, வெறும் விவாதம். 17 நாடுகள் நடத்தலாம் என்றன. 19 நாடுகள் கூடாது என்றன. 11 நாடுகள் வாக்களிக்காமல் விலகிக்கொண்டன. எதிர்த்த நாடுகளில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகியவையும் அடக்கம். சமயத்தாலோ மொழிக் குடும்பத்தாலோ உய்குர் மக்களுக்கு உறவான நாடுகள் இவை. இந்தியா விலகி நின்றது.

உய்குர் மக்களைப் பற்றி ஒவ்வொரு நாடும் எடுத்த நிலைப்பாட்டை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். சின்ஜியாங்கில் நடப்பதைவிட, சீனாவிடம் அந்த நாட்டுக்கு என்ன தேவை என்பதே பெரும்பாலும் நிலைப்பாட்டைத் தீர்மானித்திருக்கிறது.

யார் இவர்கள்?

உய்குர்கள் துருக்கிய மொழி பேசும் முஸ்லிம்கள். சின்ஜியாங்கில் ஏறத்தாழ 1.16 கோடிப் பேர் வாழ்கிறார்கள். சீனாவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு இந்தப் பகுதி. இந்தியா உட்பட எட்டு நாடுகளுடன் எல்லையைப் பகிர்கிறது. 1933இலும் 1944இலும் இங்கே கிழக்குத் துர்க்கிஸ்தான் என்ற பெயரில் குடியரசுகள் தோன்றி மறைந்தன. 1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 1955இல் தன்னாட்சிப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. 1949இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஹான் சீனர்கள் இன்று நாற்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். வேலை, மொழி, வழிபாடு என எல்லாவற்றிலும் ஓரங்கட்டப்படுகிறோம் என்ற உய்குர்களின் மனக்குறை அங்கிருந்து வளர்ந்தது.

கலவரமும் முகாமும்

2009 ஜூன் இறுதியில் குவாங்டாங் மாகாணத்தின் பொம்மைத் தொழிற்சாலை ஒன்றில் நடந்த மோதலில் இரண்டு உய்குர் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். நீதி கேட்டு ஜூலை 5 அன்று சின்ஜியாங்கின் தலைநகர் உரும்சியில் தொடங்கிய ஊர்வலம் இனக்கலவரமாக மாறியது. அரசுக் கணக்கின்படி 197 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஹான் சீனர்கள். இறந்த உய்குர்களின் எண்ணிக்கை மறைக்கப்பட்டதாக உய்குர் அமைப்புகள் கூறின. பல மாதங்கள் அந்தப் பகுதிக்கே இணையம் துண்டிக்கப்பட்டது. 2014 மார்ச்சில் குன்மிங் ரயில் நிலையத்தில் கத்திகளுடன் வந்த, சின்ஜியாங் பிரிவினைவாதிகள் என்று சீன அரசு சொன்ன கும்பல் 31 பேரைக் கொன்றது.

பயணிகளை வெட்டிக் கொன்றதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அதற்குச் சீன அரசு தந்த பதில் குற்றவாளிகளோடு நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் இல்ஹாம் தோத்தி என்ற பொருளாதாரப் பேராசிரியருக்குப் பிரிவினைவாதக் குற்றச்சாட்டில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிரிந்து போவதை அவர் ஆதரித்ததில்லை. சீனச் சட்டம் தரும் தன்னாட்சியை நடைமுறைப்படுத்தச் சொன்னவர். 2017 முதல் உய்குர்களை அடைத்துவைக்கும் முகாம்கள் பெருகின. பத்து லட்சம் பேர் வரை அடைக்கப்பட்டிருக்கலாம் என்று 2018இல் ஐ.நா. குழுவில் பேசப்பட்டது. அவை தொழிற்பயிற்சி மையங்கள் என்றும், பயின்றவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்கள் என்றும் சீனா சொல்கிறது. 2022 ஆகஸ்ட் 31 அன்று வெளியான ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலக அறிக்கை, இப்படி அடைத்துவைத்தது மானுடத்துக்கு எதிரான குற்றமாக இருக்கக்கூடும் என்றது.

அமெரிக்கா: சேர்த்ததும் நீக்கியதும்

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், பயங்கரவாதத்துக்கு எதிரான போரில் சீனாவின் ஆதரவு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. 2002இல் உய்குர் ஆயுதக் குழுவான கிழக்குத் துர்க்கிஸ்தான் இஸ்லாமிய இயக்கம் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலிலும் ஐ.நா.வின் பட்டியலிலும் சேர்ந்தது. குவாண்டனாமோ சிறையில் 22 உய்குர்கள் அடைக்கப்பட்டார்கள். அவர்களைப் பிடித்து வைக்கக் காரணமில்லை என்று தெரிந்த பிறகும், ஏற்றுக்கொள்ள நாடு கிடைக்காமல் ஆண்டுகள் கழிந்தன. அல்பேனியா, பெர்முடா, பலாவ் என்று சிதறினார்கள். கடைசி மூவர் 2013 டிசம்பரில்தான் ஸ்லோவாக்கியா போய்ச் சேர்ந்தார்கள்.

சீனாவுடன் வணிகப் போர் முற்றியிருந்த 2020இல் அந்த இயக்கத்தைத் தன் பயங்கரவாதப் பட்டியல் ஒன்றிலிருந்து அமெரிக்கா நீக்கியது. சின்ஜியாங்கில் நடப்பது இனப்படுகொலை என்று 2021 ஜனவரியில் அறிவித்தது. கட்டாய உழைப்பில் உருவான சின்ஜியாங் பொருள்களைத் தடுக்கும் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. உலகப் பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கே விளைவதால், பேச்சைத் தாண்டி வலித்த நடவடிக்கை இதுதான்.

முஸ்லிம் நாடுகள்

2019 ஜூலையில் சின்ஜியாங் நிலை குறித்துக் கவலை தெரிவித்து 22 நாடுகள் ஐ.நா.வுக்குக் கூட்டுக் கடிதம் எழுதின. அவற்றில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு ஒன்றுகூட இல்லை. சில நாட்களில் சீனாவைப் பாராட்டி 37 நாடுகள் எழுதிய கடிதத்தில் சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டிருந்தன. தன் முஸ்லிம் குடிமக்களைச் சீனா கவனித்துக்கொள்வதை இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு அதே ஆண்டு மார்ச்சில் மெச்சியது. எண்ணெய் வாங்குவதும் சாலையும் துறைமுகமும் கட்டித் தருவதும் சீனா. தங்கள் நாட்டு மனித உரிமைகள்மீது வெளியார் கேள்வி எழுப்புவதை இந்த அரசுகளும் விரும்புவதில்லை. சின்ஜியாங்கின் காஷ்கரிலிருந்து தன் குவாதர் துறைமுகத்துக்கு நீளும் பொருளாதார வழித்தடத்தை நம்பியிருக்கும் பாகிஸ்தானின் நிலை இன்னும் தெளிவு. துருக்கி மட்டும் வேறுபட்டது: 2009 கலவரத்தை அப்போதைய பிரதமர் எர்டோகன் கிட்டத்தட்ட இனப்படுகொலை என்றார்; முகாம்களைத் துருக்கியின் வெளியுறவு அமைச்சகம் மனித குலத்துக்கே அவமானம் என்றது. ஆனால் அந்தக் குரலும் உறவின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப உயர்ந்து தாழ்ந்தது.

இந்தியாவின் கணக்கு

2016இல் உய்குர் தலைவர் தோல்குன் ஈசாவுக்குத் தரம்சாலா மாநாட்டுக்காக அளித்த விசாவை இந்தியா ரத்து செய்தது. 2022 வாக்கெடுப்பில் விலகிவிட்டு, ஒரு குறிப்பிட்ட நாட்டின்மீதான தீர்மானங்களில் வாக்களிக்காதது தன் நெடுநாளைய வழக்கம் என்றது. அதே நாளில் அதே பேரவையில் இலங்கை மீதான தீர்மானத்திலும் இந்தியா விலகி நின்றது. ஆனால் 2012இலும் 2013இலும் இலங்கைத் தீர்மானத்தை ஆதரித்து இதே இந்தியா வாக்களித்திருக்கிறது. அப்படியானால் வழக்கம் என்பது முழுக் காரணமல்ல. லடாக் எல்லைப் பதற்றம், காஷ்மீர் குறித்து எதிர்க்கேள்வி எழும் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

இந்தக் கணக்குகளின் விலையைக் கொடுப்பவர்கள் தப்பி ஓடியவர்கள். கம்போடியா அகதிகள் உடன்படிக்கையில் இணைந்த நாடு. இருந்தும் 2009 டிசம்பரில் 20 உய்குர்களைச் சீனாவுக்குத் திருப்பி அனுப்பியது. அடுத்த சில நாட்களில், அப்போது சீனத் துணை அதிபராக இருந்த ஷி ஜின்பிங் அங்கே வந்தபோது, சுமார் 120 கோடி டாலர் உதவி ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. தாய்லாந்து 2015இல் நூற்றுக்கும் மேற்பட்டோரை அனுப்பியது. பத்தாண்டுக்கும் மேலாகத் தடுப்புக் காவலில் வைத்திருந்த 40 பேரை 2025 பிப்ரவரியில் அனுப்பியது. ஐ.நா. வல்லுநர்களின் எச்சரிக்கை பலனளிக்கவில்லை.

சின்ஜியாங் தனிநாடாக வேண்டும் என்று எந்த முக்கிய அரசும் கேட்கவில்லை. ஆகவே சீனாவின் ஒருமைப்பாட்டுக்கு வெளியிலிருந்து ஆபத்து என்ற வாதம் நிற்காது. ஆயுதம் எடுத்தவனையும் தாய்மொழியில் பள்ளி கேட்டவனையும் ஒரே சொல்லால் குற்றவாளியாக்கலாமா என்பதே கேள்வி. சீனாவைத் திருத்தும் வலிமை சிறிய நாடுகளுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் சித்திரவதைக்கு ஆளாகக்கூடிய மனிதரைத் திருப்பி அனுப்பாமலிருக்கப் பெரிய வலிமை தேவையில்லை. அடுத்த முறை ஒரு நாடு உய்குர்களுக்காக அறிக்கை விட்டால், அதன் எல்லையில் தஞ்சம் கேட்டு நிற்பவரை அது என்ன செய்தது என்று பாருங்கள். அதுதான் அந்த நாட்டின் உண்மையான நிலைப்பாடு.