காற்றும் கொடியும் கட்டிய குன்று

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் இல்லை. கொடிகாமத்தில் ஏ-9 வீதியோரம் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் தென்னை, பனை, வடலி, அவற்றுக்கு மேலே வானம். ஆனால் அங்கிருந்து பருத்தித்துறை வீதியில் வரணியைத் தாண்டி, கடல்நீரேரியையும் கடந்து, குடத்தனைப் பக்கமாகக் கடலை நோக்கித் திரும்புங்கள். நிலம் எழுந்து நிற்கும். வல்லிபுரத்தில் தொடங்கி மணற்காடு, அம்பன், நாகர்கோவில் என்று தென்கிழக்கே நீளும் மணற்குன்றுகள் இவை. மலையே இல்லாத குடாநாட்டில் காற்றும் செடியும் சேர்ந்து எழுப்பிய மலைத்தொடர் என்றே சொல்லலாம்.

முதல் வியப்பு மணலிலேயே இருக்கிறது. குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் பவளமும் படிந்து இறுகிய பாறை அது. அது உடைந்தால் சுண்ணாம்புத் துகள்தான் வரும். வல்லிபுரம்–அம்பன் மணலோ பெரும்பாலும் குவார்ட்ஸ். கண்ணாடி செய்ய உதவும் சிலிக்கா மணல் என்று இலங்கையின் கனிய வளப் பட்டியலில் இடம்பிடித்த மணல் அது. குடாநாட்டுப் பாறையில் பிறக்க முடியாத இந்த மணல், பெருநிலப்பரப்பின் பழம்பாறைகளிலிருந்து உதிர்ந்து, நீராலும் கரையோர நீரோட்டத்தாலும் உருட்டப்பட்டு இங்கு வந்து சேர்ந்தது. கையில் அள்ளும் ஒரு பிடி மணலில் வேறொரு நிலத்தின் மலைகள் தூளாகிக் கிடக்கின்றன.

கடல் கரையில் போட்டதைக் காற்று மேலே ஏற்றுகிறது. வடகிழக்கைப் பார்த்திருக்கும் இந்தக் கரையில் வாடைக்காற்று நேராக மோதும். மாரி மழை ஓய்ந்து, தை மாசியில் மேல்மணல் காய்ந்ததும் அதன் வேலையைக் கண்ணால் காணலாம். காற்று மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் உலர்ந்த மணல் நகரத் தொடங்கும். மணல்மணி தூசியைப் போல மிதந்து போவதில்லை, துள்ளிப் போகிறது. எழும்பி, காற்றோடு சிறிது தூரம் ஓடி, விழும் இடத்தில் வேறு சில மணிகளை மோதிக் கிளப்பிவிடுகிறது. அவையும் துள்ளுகின்றன. ரால்ஃப் பாக்னோல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் வட ஆபிரிக்கப் பாலைவனங்களில் அலைந்தும், காற்றுச் சுரங்கத்தில் சோதித்தும் இந்தத் துள்ளலின் கணக்கை 1941இல் நூலாக எழுதினார். மணலின் பெரும்பகுதி நிலத்தை ஒட்டியே, முழங்காலுக்கும் கீழேதான் பயணிக்கிறது. ஆகவே அதை மறிக்க மதில் வேண்டாம். ஒரு சாண் உயரச் செடி போதும்.

அந்தச் செடி அடம்பன். ஆட்டுக்குளம்பின் வடிவில் பிளந்த, தடித்த இலை. காலையில் விரியும் ஊதா நிறப் பூ. அதன் கொடியைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் இறங்கியிருக்கும். இலையில் மோதிய காற்று வேகம் இழந்து, சுமந்து வந்த மணலைக் கீழே போட்டுவிடுகிறது. மணல் கொடியை மூடும். மூடிய கணுவிலிருந்து புது வேர் விடும். நுனி மணலுக்கு மேலே எட்டிப் பார்க்கும். மறுபடி மணல், மறுபடி நுனி. மற்றச் செடிகளுக்குச் சாவாக முடிகிற புதைவு, அடம்பனுக்கு வளர்ச்சி. இந்தச் சுற்று எத்தனை ஆயிரம் முறை நடந்ததோ, குன்று அத்தனை உயரம். அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர்கள் சொல்வது ஒற்றுமைக்காக மட்டுமல்ல, மணற்குன்றின் பொறியியலுக்கும் பொருந்தும்.

அடம்பனுக்குத் துணை இராவணன் மீசை. ஊசிபோல் குத்தும் இலைகள் கொண்ட இந்தப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர் முள்ளுப் பந்தாகத் திரண்டு, முற்றியதும் கழன்று, காற்றோடு கடற்கரை நெடுக உருண்டோடும். ஓடும் வழியில் விதை உதிரும். எங்காவது தடைப்பட்டு மணலில் புதைந்தால் அங்கே புதிய புல் முளைக்கும். புதிய மேடு தொடங்கும். மணலைக் கொண்டுவரும் காற்றே மணலைப் பிடிக்கும் செடியின் விதையையும் கொண்டுவருகிறது.

இந்த மணலில் குடியிருப்போரும் பலர். கரையோரம் வளை தோண்டும் பேய்நண்டுக்குச் செவுள் உண்டு. ஆனால் அது வாழ்வது கரையில். செவுள் காயாமல் இருக்க, கால்களின் அடிப்பகுதியிலுள்ள மயிர்களால் ஈரமணலிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். குன்றுகளுக்குப் பின்னே விரியும் கடல்நீரேரிகளுக்கு மாரிகாலத்தில் வலசைப் பறவைகள் வரும். கரையோரமாகவே தெற்கே போனால் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த இடத்தில் பூநாரைகள் கூட்டமாக இறங்கும்.

மனிதருக்கு இந்தக் குன்று தரும் பெரிய கொடை தண்ணீர். மாரி மழை மணலில் விழுந்தவுடன் உள்ளே இறங்கிவிடுகிறது. கடல்நீரை விட நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே மணலுக்குள் ஊறி வரும் உவர்நீரின் மேலே அது மிதக்கிறது. கணக்குப்படி, நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயர்ந்தால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம் வரை உவர்நீரை அழுத்தி வைக்கும். இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும். மேலே ஒரு மீற்றர் இறங்கினால், கீழே 40 மீற்றருக்கு உவர் ஏறும். கடலுக்கு இத்தனை அருகே மணலைத் தோண்டிய பூவலில் குடிநீர் ஊறுவதற்கு மேலே இருக்கும் மணலே காரணம்.

மணல் பழைய வாழ்க்கையையும் பொத்தி வைத்திருக்கிறது. 1936இல் வல்லிபுரத்தில் ஒரு பொன்தகடு கிடைத்தது. பிராமி எழுத்துப் பொறித்த அது கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. நாகதீவு என்ற பெயர் அதில் வருகிறது. அதே வல்லிபுரத்தில் ஆழ்வார் கோயில் கொண்டிருக்கிறார். புரட்டாதித் திருவிழாவில் கடல் தீர்த்தத்துக்குச் சுவாமியோடு ஆயிரக்கணக்கானோர் மணல்வெளியைக் கடந்து நடப்பார்கள். மணற்காட்டிலோ பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் பாதி புதைந்து நிற்கின்றன. செடி பிடிக்காத மணல் நடந்து போகும், வழியில் நிற்பதை மூடும் என்பதற்கு அந்தச் சுவர்களே சான்று.

ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கல்பின் என்ற ஊருக்கும் இதே கதி நேர்ந்தது. 1694இல் வீசிய புயலில் அங்கிருந்த வளமான பண்ணை நிலம் மணலில் மூழ்கியது. மணலைப் பிடித்திருந்த புல்லை மக்கள் பிடுங்கியதே அழிவுக்கு வழிவிட்டது என்று கருதப்பட்டது. மறுஆண்டே, 1695இல், கரையோரப் புல்லைப் பிடுங்குவதைத் தடைசெய்து ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 1920களில் பைன் மரங்களைப் பெருமளவில் நட்டு அந்த மணலை அடக்கத் தொடங்கினார்கள். மணற்காட்டுச் சவுக்கங்காடும் அதே வழியில் வந்ததுதான். சவுக்கு காற்றைத் தடுக்கும். ஆனால் அதன் நிழலிலும் சருகுப் படுக்கையிலும் வெயில் விரும்பும் அடம்பன் தழைக்காது. ஆகவே சவுக்கு பின்வரிசைக்கு உகந்தது. முன்வரிசை அடம்பனுக்கும் இராவணன் மீசைக்கும் உரியது.

2004 டிசம்பர் 26இல் வந்த கடல்கோளில் மணற்காடு உள்ளிட்ட வடமராட்சி கிழக்கு ஊர்கள் பெரும் உயிரிழப்பைக் கண்டன. அன்று நாட்டின் தென்கிழக்கே யாலவில் நடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடல் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றிய விடுதி அழிந்தது. அருகில் குன்று முழுதாக நின்ற இடங்களில் சேதம் குறைந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வடமராட்சி கிழக்கில் மணல் களவாக அள்ளப்படுகிறது. டிப்பரில் ஏறுவது வெறும் கட்டடப் பொருள் அல்ல. நன்னீரைத் தேக்கி வைக்கும் தொட்டியும் கடலை மறிக்கும் அணையும் அதோடு போகின்றன. காற்று இன்றும் மணல் கொண்டுவரத் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்து நிறுத்தும் கொடி வேரோடு போய்விட்டால், வந்த மணல் குன்றாகாது; வளவுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும்தான் வந்து விழும். அடம்பன் படர்ந்த முன்மேட்டில் வாகனம் ஏறாமல் தடுப்பதும், மொட்டையான இடங்களில் அடம்பன் துண்டுகளை நடுவதும் ஒரு பாடசாலைப் பிள்ளைகளாலும் முடிகிற வேலை. மணல் அகழ்வை நிறுத்துவது அரசின் வேலை. இரண்டும் சேர்ந்து நடந்தால், குன்றை மீண்டும் கட்டும் பொறுப்பைக் காற்றும் கொடியும் தாமே ஏற்றுக்கொள்ளும்.