வாசல் பூவும் உயிரணுவின் தண்டவாளமும்

தோட்டத்து லயங்களின் வாசலில் பழைய மைலோ டின்னிலும், கோயில் வேலியோரத்திலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைக் காணாத வாசகர்கள் இருக்கமாட்டார்கள். ஐந்து இதழ், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. வெயில், மழை எதற்கும் அஞ்சாமல் ஆண்டு முழுவதும் பூக்கும். மலாய்க்கார அண்டை வீட்டார் இதைக் கெமுந்திங் சீனா என்பார்கள். தாயகம் மடகாஸ்கர் தீவு. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஊசிமூலம் ஏற்றப்படும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து இந்தச் செடியிலிருந்து கிடைத்ததுதான் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும்.

நம்மவர்களில் சிலர் இதன் இலையை அவித்து, இனிப்புநீர் வியாதிக்குக் கஷாயமாகக் குடிப்பது உண்டு. இதே பழக்கம் ஜமைக்காவிலும் இருந்தது. 1952இல் அங்கிருந்து ஓர் உறையில் இந்த இலைகள் கனடாவிலிருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு வந்தன. அவர் அவற்றைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். ராபர்ட், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவே இல்லை. ஊசியாகப் போட்டபோதோ எலிகள் நோய்த்தொற்று கண்டு மடிந்தன. காரணத்தைத் தேடியபோது, அவற்றின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அப்படியானால் இந்தச் சாறு அதற்கு உதவாதா? இந்தக் கேள்விதான் கதையையே திருப்பிவிட்டது. அவரும் சார்ல்ஸ் பீரும் சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டனர். அமெரிக்காவின் இலாய் லில்லி நிறுவனமும் இதே செடியைத் தனியாக ஆராய்ந்து வந்தது. 1963இல் வின்கிறிஸ்டின் அங்கே அனுமதி பெற்றது.

சரி, இந்த மருந்து உடலுக்குள் என்னதான் செய்கிறது? முன்பு சில செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றிச் செல்லச் சிறு தண்டவாளம் போட்டிருந்தார்கள். தேவைப்பட்ட இடத்தில் போடுவார்கள், வேலை முடிந்தால் கழற்றி வேறிடத்தில் போடுவார்கள். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் அதே வேலை நடக்கிறது. அங்கே தண்டவாளமாக இருப்பவை நுண்குழாய்கள். ஒரு மில்லிமீட்டரை நாற்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு குழாயின் பருமன். அதைக் கட்டும் செங்கல் டியூபுலின் என்ற புரதம். ஆல்பா, பீட்டா என்று இரட்டையராகவே வரும் இந்தக் கற்கள் சரம்சரமாகக் கோக்கப்பட்டு, பெரும்பாலும் 13 சரங்கள் கூடி ஒரு குழாய் ஆகிறது.

இந்தக் குழாய் ஓரிடத்தில் சும்மா கிடப்பதில்லை. வளர்ந்துகொண்டே போகும், திடீரென்று சரசரவென்று உதிர்ந்து குட்டையாகும், மறுபடி வளரும். மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற இருவர் 1984இல் இதை விளக்கிக் காட்டினார்கள். வீண் வேலையாக அல்லவா இருக்கிறது என்று தோன்றும். அப்படியன்று. உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் 46 குரோமோசோம்களும் இரட்டிப்பாகி நிற்கும். குழாய்கள் நீண்டும் சுருங்கியும், இருட்டில் கையால் துழாவுவதைப்போல் அவற்றைத் தேடிப் பிடித்து, ஆளுக்குப் பாதியாக இரு பக்கமும் இழுக்க வேண்டும். நித்தியகல்யாணியின் மருந்து டியூபுலினில் போய் ஒட்டிக்கொள்கிறது. குழாய் ஒழுங்காக வளரவும் முடியாது, சுருங்கவும் முடியாது. பாதி வழியில் நின்றுவிட்ட உயிரணு கடைசியில் மடிகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் புற்றணுக்கள் இதில் அதிகமாகச் சிக்குகின்றன.

இந்தப் புரதத்தை அடையாளம் காட்டியதும் ஒரு விஷம்தான். கொல்கிசின் என்பது அதன் பெயர். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது இருக்கிறது. விதைக்காகவே திண்டுக்கல், திருப்பூர் வட்டாரங்களில் அதைப் பயிரிடுகிறார்கள். 1967இல் சிக்காகோவில் போரிசி, டெய்லர் என்ற இருவர், கொல்கிசின் உயிரணுவில் எதைப் பற்றிக்கொள்கிறது என்று ஆராய்ந்து அந்தப் புரதத்தைக் கண்டார்கள். மறு ஆண்டில் ஜப்பானியரான மோரி அதற்கு டியூபுலின் என்று பெயர் வைத்தார்.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். நுண்குழாய் புற்றணுவுக்கு மட்டும் உரியதல்ல. இடுப்பருகே தொடங்கிப் பாதம்வரை நீளும் நரம்பணுக்களுக்கு அதுவே சரக்குப் பாதை. பாதை கெட்டால் தொலைவிலுள்ள முனைதான் முதலில் வாடும். ஆகவேதான் வின்கிறிஸ்டின் ஏறும் பிள்ளைக்குக் கால்விரல் மரத்துப் போகிறது, படியேறும்போது பாதம் தடுக்குகிறது, மலச்சிக்கல் வருகிறது, சிலருக்குத் தாடை வலிக்கிறது. முடி வேரின் அணுக்களும் வேகமாகப் பிரிபவை; அதனால் முடி கொட்டுகிறது. “ஊசி போட்டுத்தான் பிள்ளை நடை தளர்ந்துபோச்சு, போதும் சார்” என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்த நினைக்கும் தாய்மார்களின் வேதனை புரிகிறது. ஆனால் நிறுத்துவதை வீட்டில் முடிவு செய்யக்கூடாது. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை போன்ற இடங்களில் புற்றுநோய் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கால் தடுக்குவதை அவர்களிடம் உடனே சொல்லுங்கள். அளவைக் குறைக்க அவர்களுக்குத் தெரியும். மருந்து முடிந்தபின் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கால் மெல்லத் தேறிவிடும். 1960களின் தொடக்கத்தில் இந்நோய் கண்ட குழந்தைகள் அநேகமாகப் பிழைத்ததில்லை. இன்று வசதி மிக்க நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். வின்கிறிஸ்டின் தனியாகச் சாதித்ததன்று, பல மருந்துகளோடு சேர்ந்து.

“அப்படியானால் வாசல் செடியையே அவித்துக் கொடுத்தால் என்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்க ஏறக்குறைய 2,000 கிலோ காய்ந்த இலை வேண்டும். பிள்ளைக்கு ஒரு தடவை ஏறுவதோ மில்லிகிராம் கணக்கில், அதுவும் இரத்தக் குழாய் வழியாக மட்டுமே. கஷாயத்தில் அந்த அளவு வராது. இலையிலுள்ள மற்ற நச்சுகள் எவ்வளவு வரும் என்று அளந்து சொல்லவும் ஆளில்லை.

2019இல் அமெரிக்காவிலேயே வின்கிறிஸ்டின் தட்டுப்பாடு வந்து மருத்துவர்கள் திண்டாடினார்கள். 2022இல் டென்மார்க், கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் ரொட்டிக்குச் சேர்க்கும் ஈஸ்டின் மரபணுக்களை மாற்றி, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு மூலப்பொருள்களையும் அதனுள்ளேயே உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.