ஆற்றின் விலை

தில்லி லக்ஷ்மிபாய் நகரை அடுத்துள்ளது சரோஜினி நகர்ச் சந்தை. ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு எஞ்சிய ஆடைகள் அங்கே மலிவாக விற்கப்படுகின்றன. இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பங்கு தமிழ்நாட்டின் திருப்பூருடையது. ஆடையின் விலையில் நூல், சாயம், தையற்கூலி ஆகியவை அடங்கும். ஆற்றைத் தூய்மையாகக் காக்கும் செலவும் அதில் அடங்க வேண்டுமா? இவ்வினாவுக்குத் திருப்பூரின் வரலாறு விடை தருகிறது.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. துணிக்குச் சாயம் ஏற்ற மிகுந்த நீர் தேவை. சாயம் துணியில் நன்கு பற்ற உப்பும் தேவை. சாயப்பட்டறைகள் தம் கழிவுநீரை நெடுங்காலம் ஆற்றில் விட்டன. பின்னர் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்களாலும் நீரில் கரைந்த உப்பை நீக்க இயலவில்லை.

பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் சாயக்கழிவுநீர் தேங்கியது. கிணற்று நீர் உவர்த்தது, விளைநிலங்கள் பாழாயின. பட்டறைகள் மிச்சப்படுத்திய செலவு உழவர்களின் தலையில் விழுந்தது.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் வெளியேற்றத்தை அறவே நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். ஆற்றை அழித்த தொழில், இறுதியில் தன்னையும் காத்துக்கொள்ள இயலாமல் நின்றது.

அதன்பின் பட்டறைகள் புதிய முறைக்கு மாறின. முதலில் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பிறகு, தில்லி வீடுகளிலுள்ள ஆர்.ஓ. கருவியைப் போலவே, நுண்ணிய சவ்வு உப்பைப் பிரித்து நல்ல நீரைத் தருகிறது. எஞ்சிய உவர்நீர் ஆவியாக்கப்பட்டு உப்பு மீட்கப்படுகிறது. இவ்வாறு நீரின் பெரும்பகுதி மீண்டும் சாயமேற்றப் பயன்படுகிறது. முன்பு விலைக்கு வாங்கிய நீரும் உப்பும் பட்டறைக்குள்ளேயே கிடைக்கின்றன. சுற்றுச்சூழல் விதிகளைக் கேட்டறியும் வெளிநாட்டு வணிகர்களின் நம்பிக்கையும் வளர்கிறது.

எனினும் இம்முறைக்கு மின்செலவு மிகுதி. சிறு பட்டறைகளுக்கு அது பெருஞ்சுமை. மீண்டும் பயன்படுத்த இயலாத உப்புக்கழிவைப் பாதுகாப்பாக வைக்கவும் வேண்டும். ஆனால் இச்செலவு புதிதாகத் தோன்றியதன்று. முன்பு உழவர் சுமந்ததை இன்று தொழில் சுமக்கிறது.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே நல்ல வாணிகம் என்பது வள்ளுவர் கருத்து. ஆறும் பிறர் பொருளே. அதைக் காத்தபின் எஞ்சுவதே உண்மையான இலாபம்.

வினாக்கள்

1. சாயமேற்ற உப்பு ஏன் தேவைப்படுகிறது?
2. கழிவுநீரிலிருந்து எவை மீட்கப்படுகின்றன?
3. யமுனையைக் காக்கத் தில்லியின் தொழில்கள் செய்யத்தக்கவை யாவை? ஐந்து வரிகளில் எழுதுக.