அறியா முகங்களின் உறவு

பெருநகரத் தெருவில் எண்ணற்ற முகங்களைக் கடந்து செல்கிறோம். அவர்தம் பெயர் அறியோம், துயர் அறியோம். எனினும் நம் செயல் அவர்கள் வாழ்வைத் தொடுவதுண்டா? இவ்வினாவை ஆராயும் அமெரிக்கத் திரைப்படம் ஒன்று 2001-ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதல் காட்டப்பட்டது. ‘தர்ட்டீன் கான்வர்சேஷன்ஸ் அபௌட் ஒன் திங்’ என்பது அதன் பெயர். ‘ஒரு பொருளைப் பற்றிய பதின்மூன்று உரையாடல்கள்’ என்று தமிழில் கூறலாம். அந்த ஒரு பொருள் மகிழ்ச்சி. ஜில் ஸ்ப்ரெச்சர் தம் சகோதரி கேரனுடன் கதையை எழுதி, தாமே இயக்கினார். பெரும் பட நிறுவனங்களைச் சாராது உருவான இப்படத்தைப் பலர் அறியார்.

கதை நிகழும் இடம் நியூயார்க். வழக்கில் வென்ற களிப்பில் மதுவிடுதிக்குச் செல்கிறான் டிராய் என்னும் இளம் அரசு வழக்கறிஞன். வீடு திரும்புகையில் ஒரு பெண்ணைக் காரால் மோதிவிட்டு, நில்லாது போய்விடுகிறான். அப்பெண் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைக்கும் பியாட்ரிஸ். அதே விடுதியில் அவனோடு பேசியிருந்தவர், காப்பீட்டு அலுவலக மேலாளர் ஜீன். தம் கீழ்ப் பணிபுரியும் ஒருவர் எப்போதும் மகிழ்ச்சியோடிருப்பதைப் பொறாது, அவரை வேலையினின்று நீக்கியவர் இவர். மற்றொருவர் வாக்கர், இயற்பியல் பேராசிரியர். மகிழ்ச்சியைத் தேடி மனைவியைப் பிரிகிறார். உதவி நாடி வரும் மாணவனின் துயரோ அவர் கண்ணிற் படவில்லை.

பொதுவாகக் கதை ஒரு தலைவனைப் பின்பற்றிச் செல்லும். இங்கோ தலைவன் இல்லை. நிகழ்ச்சிகளும் கால வரிசைப்படி அமையவில்லை. விளைவை முன்னே கண்டு, காரணத்தைப் பின்னே உணர்கிறோம். இழைகள் எங்கெங்கே பின்னிக் கிடக்கின்றன என்பதைக் கதைமாந்தர் எவரும் அறியார். காண்போராகிய நாம் மட்டுமே அறிவோம். இந்த அமைப்பு வெறும் புதுமைக்காக அமைந்ததன்று. ‘இவருக்கு இது தெரிந்திருந்தால்!’ என்று நம்மை ஏங்க வைப்பதே அதன் பயன்.

இத்தகைய கதைகளில் ஓர் இடர் உண்டு. தற்செயல்கள் மிகுந்தால் ஆசிரியர் பொம்மலாட்டம் ஆட்டுவதாகத் தோன்றிவிடும். இப்படம் பெரும்பாலும் அதனினின்று தப்புகிறது. ஏனெனில் சந்திப்புகள் தற்செயலாயினும், சந்தித்தபின் செய்வது அவரவர் தேர்வே. விபத்து தற்செயல், நில்லாது சென்றது டிராயின் முடிவன்றோ?

இறுதியில், சுரங்க இரயிலில் கண்ட முன்பின் அறியாத ஒரு பெண்மணிக்கு ஜீன் கையசைக்கிறார். அவள் பேராசிரியரால் கைவிடப்பட்ட மனைவி என்பது அவருக்குத் தெரியாது. மாணவ நண்பர்களே, நாம் செய்யும் தீங்கின் முழு அளவை நாம் காண்பதில்லை. நன்மையின் அளவையும் அவ்வாறே. காணாவிடினும், அது ஒருவரைச் சென்றடைகிறது.