லேசருக்கு முன்னால் ஒரு பஞ்சு நுனி

"கண்ணை மூடிக்குங்க. நான் தொடும்போது, தொட்ட இடத்தை விரலால காட்டுங்க."

தோலில் திட்டோடு வருபவரிடம் இப்படிச் சொல்லிவிட்டு, திரித்த பஞ்சு நுனியாலோ பால்பாயிண்ட் பேனா முனையாலோ மெல்லத் தொட்டுப் பார்ப்பார்கள். சுற்றியுள்ள தோலில் தொட்டால் சரியாகக் காட்டுகிறவர், திட்டின் மேல் தொட்டால் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். ஓரிரு நிமிட வேலை, செலவும் இல்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அதற்கும் முன்பே லேடி வில்லிங்டன் பெயரில் அங்கே தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனை இருந்தது. திட்டைப் பார்த்து நோயைச் சொல்லும் வித்தை இந்த மண்ணுக்குப் பழையது.

அதே மாவட்டத்தில் ஜி.எஸ்.டி சாலையிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ 'லேசர்' என்று பலகை மாட்டிய ஒரு கடைக்குள் போனால், தோலில் தெரியும் சிவப்பு எதனால் வந்தது என்று யாரும் கேட்காமலே போகலாம். எத்தனை சிட்டிங், பேக்கேஜ் எவ்வளவு, இன்று பணம் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்றுதான் பேச்சு தொடங்கும். சிவப்புத் திட்டு என்பது நோயின் பெயர் அல்ல. ஒரே மாதிரி சிவந்து தெரியும் பலவற்றில் சிலவற்றுக்கு லேசர் அருமையான வைத்தியம், சிலவற்றுக்குத் தேவையே இல்லை, சிலவற்றுக்குக் கெடுதல். எது எதுவென்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்தான் முதலில் வேண்டும். கருவி அப்புறம்.

குழந்தைகளிடமிருந்து தொடங்குவோம். பிறந்த குழந்தையின் நெற்றி நடுவிலும் இமையிலும் வெளிர் சிவப்பாகத் தெரிந்து, அழும்போது அடர்த்தியாகும் திட்டு மிகச் சாதாரணம். முகத்தில் இருப்பது பெரும்பாலும் ஓரிரு வயதுக்குள் மறைந்துவிடும். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பிறந்தபோது இல்லாமல் சில வாரங்களில் தோன்றி, மேலெழும்பி, சிவப்பு உருண்டையாக வேகமாக வளர்வது வேறு. இது ஹெமாஞ்சியோமா எனப்படும் ரத்தநாளக் கட்டி. முதல் சில மாதங்களில் வளர்ந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் தானாகச் சுருங்கும். ஆனால் கண், மூக்கு, உதடு அருகே இருந்தாலோ புண்ணானாலோ காத்திருக்கக் கூடாது. இதற்கும் முதல் மருந்து லேசர் அல்ல. பிரான்சின் போர்தோ நகரில் இதயக் கோளாறுக்காக ஒரு குழந்தைக்குப் புரோப்ரனலால் கொடுத்தபோது கட்டி நிறம் மாறி வாடியதை மருத்துவர்கள் கவனித்து 2008-இல் எழுதினார்கள். அன்றிலிருந்து அந்த வாய்வழி மருந்தே முன்னணியில் நிற்கிறது. மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும், கடையில் வாங்கிக் கொடுக்கும் மருந்தல்ல.

மூன்றாவது வகைக்குத்தான் லேசர் உண்மையிலேயே பிறந்தது. பிறக்கும்போதே தட்டையாக, திராட்சை ரச நிறத்தில் இருக்கும் போர்ட்-ஒயின் மச்சம். ஆயிரம் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு இருக்கும். இது மறையாது. குழந்தையோடு வளரும், வயதாக ஆகக் கறுத்துத் தடிக்கும். சோவியத் தலைவர் கோர்பச்சேவின் தலையில் உலகமே பார்த்தது இதைத்தான். நம் வீடுகளில் இப்படியொரு குழந்தை பிறந்தால், "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தியா?" என்று தாயைக் குடைவார்கள். கருவில் ஏதோ ஒரு செல்லில் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் நேரும் மாற்றமே காரணம் என்று 2013-இல் கண்டறிந்துவிட்டார்கள். பரம்பரையும் இல்லை, தாயின் தவறும் இல்லை, கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை. மாமியார்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

இந்த மச்சம் நெற்றியிலோ மேல் இமையிலோ இருந்தால் தோலோடு விஷயம் முடிவதில்லை. சில குழந்தைகளுக்குக் கண் அழுத்த நோயும் வலிப்பும் வரலாம். ஸ்டர்ஜ்-வெபர் என்று அதற்குப் பெயர். லேசர் பற்றி யோசிப்பதற்கு முன்பே கண் மருத்துவரும் குழந்தை நரம்பியல் மருத்துவரும் பார்த்தாக வேண்டும். சென்னை எழும்பூரில் 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையும், அதே எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனையும் இருக்கின்றன. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிப் பரிந்துரைச் சீட்டோடு போனால் அலைச்சல் குறையும். அழகு நிலையத்தில் இந்தக் கண் பரிசோதனையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்றால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெரியவர்களின் முகச் சிவப்பில் கணிசமானது நாமே தேடிக்கொண்டது. முகம் வெளுக்க, பரு போக என்று மருந்துக் கடையில் வாங்கிப் பூசும் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் களிம்புகள் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நாளங்கள் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இன்னும் சிவக்கும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் அட்டவணை எச்-இன் கீழ் கொண்டுவந்த பிறகும் கவுன்டரில் கேட்டால் கிடைக்கிறது. இந்த முகத்துக்கு முதல் வைத்தியம், மருத்துவர் துணையோடு களிம்பை விடுவது. மெலிந்த தோலில் எடுத்த எடுப்பில் ஒளியைப் பாய்ச்சுவது எரிகிற இடத்தில் எண்ணெய் வார்க்கிற வேலை.

தொழுநோய்த் திட்டும் செம்பு நிறத்தில் வரலாம். உணர்ச்சியற்ற இடத்தில் சூடு அதிகமானால் வலிக்காது. நிறுத்தச் சொல்ல வேண்டிய ஆளுக்கே தோல் வேகுவது தெரியாது. ஆரம்பத்தில் கண்டால், அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்தில் 6 அல்லது 12 மாதத்தில் குணமாகிற நோய் அது. ஆறு சிட்டிங் பேக்கேஜில் அந்தக் காலம் வீணானால் நரம்பு போகும், விரல் மடங்கும்.

இனி லேசர் செய்கிற வேலை. 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சரியான அலைநீளமும் மிகக் குறுகிய துடிப்பும் இருந்தால், சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் குறிவைத்ததை மட்டும் சுடலாம் என்பதே அது. ரத்தநாளத்துக்கான பல்ஸ்டு டை லேசர் 585 அல்லது 595 நானோமீட்டர் ஒளியை விடுகிறது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் அதை விழுங்கிச் சூடாக, நாளம் அடைபடுகிறது. சிக்கல் என்னவென்றால் நம் தோலின் கருமைக்குக் காரணமான மெலனினும் அதே ஒளியை விழுங்கும். வெள்ளைத் தோலுக்கு வைத்த அளவை அப்படியே நமக்கு வைத்தால், நாளத்தை எட்டுவதற்கு முன்பே மேல்தோல் வெந்துவிடும். அளவைக் குறைத்து, ஒவ்வொரு துடிப்பிலும் தோலைக் குளிர்வித்து, முதலில் ஓரத்தில் சின்னதாகச் சோதித்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். 'போட்டோ ஃபேஷியல்' என்று விற்கப்படும் ஐபிஎல் கருவி லேசரே அல்ல. அது பல அலைநீளங்கள் கலந்த வெளிச்சம், கறுத்த தோலில் இன்னும் கவனம் வேண்டும்.

நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை போக வேண்டும். போட்ட இடம் ஊதா நிறத்தில் கன்றி ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு லேசர் கேட்டு வரும் மணப்பெண்ணுக்கு நல்ல மருத்துவர் மறுப்புதான் சொல்வார். போர்ட்-ஒயின் மச்சம் பெரும்பாலானோருக்கு வெளுக்கும். முழுக்க மறைவது சிலருக்குத்தான், சில ஆண்டில் திரும்பக் கறுக்கவும் செய்யும். "100% கியாரண்டி" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் உதவும்.

தழும்புக் கதை தனி. பருவால் விழுந்த பள்ளத்துக்கு கார்பன் டை ஆக்சைடு ஃபிராக்‌ஷனல் லேசர் பயன்படுகிறது. நம் தோலில் அதன்பின் கரும்படலம் படிவது சகஜம், பெரும்பாலும் மெல்ல வடியும். காது குத்திய இடத்திலும் தோள், மார்பிலும் காயத்தின் எல்லையைத் தாண்டிப் பெருத்து வளரும் கெலாய்டை மட்டும் வெறும் லேசரால் சுட்டெடுக்கச் சம்மதிக்காதீர்கள். முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். ஊசியும் சிலிக்கோன் தகடும்தான் அதற்கு முதல் வழி.

மாமல்லபுரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் கவலை வெயில். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலுக்குப் போகிறவரிடம் "நாலு வாரம் வெயிலில் போகாதீர்கள்" என்று சொல்வது, வேலையை விடு என்று சொல்வதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் கை ஓய்வாக இருக்கும் என்று அப்போது நாள் குறிக்கிறார்கள். கத்திரி வெயிலும் அப்போதுதான். ஏற்கெனவே வெயிலில் கறுத்த தோலில் லேசர் போட்டால் கொப்புளமும் நிறமாற்றமும் வரும் வாய்ப்பு கூடும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்கள் மேல், அப்போதும் சன்ஸ்கிரீனும் துண்டும் வேண்டும். சிற்பக் கூடத்தில் கிரைண்டர் பிடிப்பவர்கள், மேல்தோலை உரிக்கும் வகை லேசருக்குப் பிறகு கல்தூசி படாமல் இருக்க எத்தனை நாள் லீவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவியைவிட, தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு ஆபத்தாக முடிந்ததும் உண்டு. லேசருக்கு முன் கால் முழுக்க அதைப் பூசி பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்ட இரு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்தார்கள். அந்நாட்டு எஃப்.டி.ஏ 2007-இல் பொது எச்சரிக்கை விட்டது. வீட்டிலேயே நிறையப் பூசிக்கொண்டு வரச் சொன்னால் கேட்காதீர்கள். கண்ணருகே லேசர் என்றால், இமைக்கு உள்ளே வைக்கும் உலோகக் கவசம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

யார் செய்யலாம்? 2016-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் முடி நடும் சிகிச்சைக்குப் போன 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் இறந்தார். விசாரித்தபோது அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் மட்டுமே என்று தெரிந்து சீல் வைத்தார்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இலேயே வந்தும், அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. இப்போது மருத்துவ சிகிச்சை தரும் எந்த இடத்துக்கும் பதிவுச் சான்று வேண்டும். சுவரில் அது மாட்டியிருக்கிறதா பாருங்கள். மருத்துவர் தன் பதிவு எண்ணைக் காட்டக் கடமைப்பட்டவர். தோல் மருத்துவத்தில் எம்.டி அல்லது டி.டி.வி.எல் படித்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதிவு பெறாதவர் மருத்துவம் பார்த்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கையெழுத்துக்கு முன் கருவியின் பெயர், மாற்று வழிகள், ஆபத்து, எத்தனை தடவை, மொத்தச் செலவு எல்லாம் உங்களுக்குப் புரியும் மொழியில் தெரிய வேண்டும். நோயாளிக்கு விளக்காமல் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல என்பது சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். பேக்கேஜுக்கு மொத்தமாகக் கட்டாமல் தடவைக்குத் தடவை கட்டுங்கள். பில் இல்லாத தள்ளுபடி வேண்டாம். மருத்துவக் காப்பீட்டில் அழகுக்கான சிகிச்சை கிடையாது. ஆனால் தீக்காயம், விபத்துக்குப் பின் சீரமைப்பு அந்த விலக்கில் வராது. நிறுவனம் மறுத்தால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வெந்துவிட்டது என்றால்? குளிர்ந்த குழாய்த் தண்ணீர். பற்பசையும் ஐஸ்கட்டியும் வேண்டாம், கொப்புளத்தைக் குத்தாதீர்கள். தேதி தெரியும்படி தினமும் படம் எடுங்கள், வேறொரு தோல் மருத்துவரிடம் அன்றே காட்டி எழுதி வாங்குங்கள். செய்த மருத்துவரிடம் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள்; 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. "பணத்தைத் திருப்பித் தர்றோம், இதில ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டும் தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருக்கும். படிக்காமல் போடாதீர்கள்.

பதிவில்லாத இடம் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் காவல் நிலையத்திலும் புகார். மருத்துவரின் தவறு என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். நஷ்டஈட்டுக்கு செங்கல்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. முழுக்க இலவசமான அரசு மருத்துவமனைக்கு இந்த வழி இல்லை. கிளினிக் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணமே இல்லை. லேசர் பில்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு உண்டு. ஆனாலும் இரண்டாவது மருத்துவர் எழுதித் தந்த தாள் கையில் இருந்தால் வழக்கு நிற்கும். வழக்கை முடிக்கச் சட்டம் 3 மாதம், 5 மாதம் என்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

புகாரை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் 1915-க்கு அழைக்கலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். வழக்கறிஞர் வேண்டுமென்றால் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தருவார்கள். எண் 15100.