இருதயமும் நான்கு ஜீவசத்துக்களும்

நீரில் கரையும் பி, சி ஜீவசத்துக்கள் தேவைக்கு மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றன. ஏ, டி, ஈ, கே என்னும் நான்குமோ உணவிலுள்ள எண்ணெய், நெய் முதலியவற்றோடு குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலிலும் உடற்கொழுப்பிலும் தங்கக்கூடியவை. இருதயத்துக்கு நல்லதென்று கேள்விப்பட்டு இவற்றை மாத்திரையாக விழுங்குவோர் முதலில் யோசிக்க வேண்டியது இந்தத் தங்கும் சுபாவத்தைத்தான்.

இவற்றுள் இருதய விஷயத்தில் பெரும் கீர்த்தி பெற்று, பின்னர் பெரும் ஏமாற்றமும் அளித்தது ஈ ஜீவசத்து. 1922-ல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் ஈவான்ஸும் காதரின் பிஷப்பும் எலிகளின் கர்ப்பத்தை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட இப்பொருள், ரத்தத்திலுள்ள கொழுப்பு பிராணவாயுவோடு சேர்ந்து கெட்டு நாளச் சுவரில் படிவதைத் தடுக்கும் என்று பிற்காலத்து விஞ்ஞானிகள் அனுமானித்தார்கள். சோதனைச் சாலையில் அதற்கு ஆதாரமும் கிடைத்தது. இதை மிகுதியாக உட்கொள்வோருக்கு மாரடைப்பு குறைவு என்று ஜனங்களிடையே எடுத்த கணக்குகளும் கூறின. ஆனால் தவறாமல் மாத்திரை உண்பவர், தவறாமல் நடப்பவராகவும் புகையிலையைத் தொடாதவராகவும் இருக்கக்கூடுமாதலால், நன்மை எதனால் விளைந்தது என்பதைக் கணக்கு மட்டும் காட்டிவிடாது. ஆகவே, இருதய ஆபத்து மிகுந்த ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் 400 யூனிட் ஈ ஜீவசத்தும் மறு பிரிவுக்குச் சத்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துச் சில ஆண்டுகள் கவனித்தார்கள். மாரடைப்பிலோ மரணத்திலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்ற முடிவு 2000-ல் வெளியாயிற்று. அவர்களையே மேலும் தொடர்ந்து கவனித்ததில், ஈ உண்டவர்களிடம் இருதயத் தளர்ச்சி சற்றே அதிகப்பட்டிருந்தது 2005-ல் தெரியவந்தது. மாத்திரைப் புட்டியின் மேற்சீட்டு இதைச் சொல்வதில்லை.

டி ஜீவசத்தின் கதியும் ஏறக்குறைய இதுவே: ரத்தத்தில் அது குறைந்தவர்களிடம் இருதய நோய் அதிகம் என்பது மெய்யாயினும், நோயுற்றவர் வெயிலில் நடமாடுவதும் குறைவுதானே! அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், தினம் 2000 யூனிட் உண்டும் மாரடைப்பு குறையவில்லை என்று 2018-ல் அறிவித்தார்கள். ஏ ஜீவசத்தாக மாறும் பீட்டா கரோட்டினோ, பின்லாந்தில் புகைபிடிப்போரிடையே நுரையீரல் புற்றுநோயை அதிகரிக்கவே செய்தது.

கே ஜீவசத்தின் வரலாறு வேறு. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீனி தின்ற கோழிக்குஞ்சுகள் ரத்தம் ஒழுகி மடிவதைக் கண்டு ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார். 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. ரத்தம் உறைவதற்கு மட்டுமன்றி, நாளச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் காக்கும் ஒரு புரதம் செயற்படுவதற்கும் இது அவசியம். எனினும் கே மாத்திரை மாரடைப்பைத் தடுக்கும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. செயற்கை வால்வு பொருத்தப்பட்டு வார்ஃபரின் என்னும் மருந்தை உண்பவர்களுக்கோ கே ஜீவசத்தைப் பற்றிய கவனம் அன்றாடக் காரியம். அம்மருந்து கே ஜீவசத்தின் தொழிலைத் தடுத்தே ரத்தம் உறையாமல் காக்கிறது. கீரையில் கே மிகுதி என்று கேட்டு அதை அடியோடு விலக்குவதும், ஒரு வாரம் கீரையே கதியென்று கிடப்பதும் மருந்தின் வேகத்தை மாற்றிவிடுமாதலால், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டு, அதற்கேற்ப மருந்தின் அளவை ரத்தப் பரிசோதனையைக் கொண்டு வைத்தியர் நிர்ணயிக்க விடுவதே முறை.